கோவலூர் அழிந்த அன்று: கைலாசபதியின் 'வீரயுகம்' குறித்து

அதியமான் நெடுமான் அஞ்சி எங்கள் ஊரை ஒருமுறை அழித்திருக்கிறான். அப்போது இதற்குப் பெயர் கோவலூர், ஆண்டவன் மலையமான் திருமுடிக்காரி. இந்தச் செய்தி புறநானூறு 99இல், ஔவையார் அஞ்சியைப் புகழும்போது வருது. உன் முன்னோர் கரும்பைக் கொண்டுவந்தவர்கள், நீ ஏழு பேரை எதிர்த்து நின்று வென்றவன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்து, கோவலூரை நீ அழித்த வெற்றியைப் பரணரே பாடிவிட்டாரே என்று முடிக்கிறார். ஒரு ஊர் அழிந்தது இங்கே ஒரு நற்சான்றிதழ், அதிலும் பரணர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ். எத்தனை வீடு போச்சு, யார் செத்தார்கள், மிச்சம் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று பாட்டு சொல்லலை. சொல்ல வேண்டியதும் இல்லை, அது அந்தப் பாட்டின் வேலை கிடையாது.

ஆனால் அந்தப் பாட்டை ஆராய வந்தவர்களின் வேலை அது இல்லையா? இந்தக் கேள்வியோடுதான் க. கைலாசபதியின் நூலை மறுபடி எடுத்து வாசித்தேன். ஆங்கிலத்தில் 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்து, பிறகு 'தமிழ் வீரநிலைக் கவிதை' என்று தமிழிலும் வந்த நூல். சங்கப் பாடல்களைப் பற்றி எழுதப்பட்ட ஐந்து முக்கியமான நூல்களைச் சொல்லச் சொன்னால் என் பட்டியலில் இது கட்டாயம் இருக்கும். இந்தப் பதிவில் அதைக் குறை சொல்லப் போகிறேன் என்பதால் முதலிலேயே இதைச் சொல்லி வைக்கிறேன்.

சுருக்கமாக நூலின் பின்னணி. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனிடம் கைலாசபதி செய்த முனைவர் பட்ட ஆய்வு இது. தாம்சன் கிரேக்க அறிஞர், மார்க்சியர். கைலாசபதி அங்கே இரண்டு கருவிகளைக் கையில் எடுத்தார். ஒன்று, 1912இல் ஹெச். எம். சாட்விக் முன்வைத்த 'வீரயுகம்' என்ற கருத்து. கிரேக்கர், ஜெர்மானியர் போன்ற சமூகங்கள் ஒரு கட்டத்தைக் கடக்கின்றன, அப்போது குலக்கட்டு தளர்ந்து வீரன் தன் தலைவனுக்காக வாழ்ந்து சாகிறான், அந்தக் கட்டத்தில்தான் வீரப்பாட்டு பிறக்கிறது என்பது அதன் சாரம். இரண்டாவது, மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் யுகோஸ்லாவியப் பாடகர்களிடம் போய்க் கண்டுபிடித்த வாய்மொழிப் பாட்டுமுறை. எழுதாமல் பாடுகிறவன் ஆயத்தமாக இருக்கும் தொடர்களை எடுத்துக் கோத்துப் பாடுகிறான். நம்ம மொழியில் சொன்னால் லைப்ரரி ஃபங்ஷன்கள் மாதிரி. சங்கப் பாட்டிலும் அந்த வாய்பாட்டுத் தொடர்கள் இருக்கின்றன என்று கைலாசபதி வரிசையாகக் காட்டினார். புலவர் என்றால் மேசையில் உட்கார்ந்து எழுதிய அறிஞர் என்ற படத்தை உடைத்து, பாணர், பொருநர், கூத்தர், விறலியர் என்று ஒரு பெரிய கூட்டத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். இது பெரிய சாதனை.

ஹெர்மன் டீக்கன் போன்றவர்கள் பின்னாளில் வந்து, இவை வாய்மொழியும் இல்லை, அவ்வளவு பழையவையும் இல்லை, எட்டு ஒன்பதாம் நூற்றாண்டு அரசவைகளில் பழசு மாதிரி எழுதப்பட்டவை என்று சொன்னார்கள். எனக்கு அது ஏற்புடையதாகத் தெரியவில்லை, அதற்குள் இப்போது போகவும் இல்லை. என் பிரச்சினை வேறு.

ஒரு யுகத்துக்கே வீரனின் பெயரை வைத்துவிட்டால், அப்புறம் அந்த யுகத்தில் வேறு யாரைத் தேடுவோம்? ஒரு கம்பெனியின் வரலாற்றை அதன் ஆண்டறிக்கைகளை மட்டும் வைத்து எழுதுகிற மாதிரி ஆகிவிடுகிறது. ஆண்டறிக்கை பொய் என்று சொல்லவில்லை. வேலையை விட்டுத் தூக்கப்பட்டவன் அதில் இருக்க மாட்டான், அவ்வளவுதான். கைலாசபதிக்கு இது தெரியாததல்ல. பாணன் தலைவன் கையை நம்பிப் பிழைத்தவன், தலைவன் கொள்ளையை நம்பிப் பிழைத்தவன் என்று அவரே விளக்குகிறார். மார்க்சியர் வேறு. அப்படியிருந்தும் அவருடைய நூலில் போர் ஒரு பின்னணித் திரையாகத்தான் நிற்கிறது. திரைக்கு முன்னால் பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்பதுதான் நாடகம்.

அவர் கையில் எடுத்த கருவியே அவரை அடுத்த படிக்குக் கொண்டுபோயிருக்க முடியும் என்பதுதான் என் ஆதங்கம். உதாரணம் பாருங்க. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடுகிறார் (புறம் 15). பகைவர் தெருக்களைத் தேரால் குழியாக்கி, கழுதை பூட்டி உழுதான் என்கிறார். அவன் பாண்டியன். அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடுகிறார் (புறம் 392). அங்கேயும் கழுதை ஏர்தான், உழுத இடத்தில் வரகும் கொள்ளும் விதைத்தானாம். பெருநற்கிள்ளியைப் பாடும் புறம் 16இல் விளைவயல் கொள்ளை போகிறது, வீட்டு மரம் விறகாகிறது, நீர்நிலையில் யானை இறங்கிக் கலக்குகிறது. கரிகாலனைப் பாடும் புறம் 7இல் ஊர் எரியும் வெளிச்சத்தில், ஜனங்கள் கதறுகிற சத்தத்துக்கு நடுவே கொள்ளை நடக்கிறது. நன்மாறனிடம் காரிக்கண்ணனார் பேசுகிற புறம் 57 இன்னும் நேரடி. வயலைக் கொள்ளையடி, ஊரை எரி, ஆளைக் கொல், என்ன வேணா செய், ஆனால் காவல் மரத்தை மட்டும் வெட்டாதே, உன் யானையைக் கட்ட அந்த மரங்கள் தாங்காது என்கிறார். ஒரு புலவர் அரசனிடம் பேரம் பேசி வாங்க முடிந்த அதிகபட்சச் சலுகை ஒரு மரம்.

இவை வாய்பாட்டுத் தொடர்கள், எனவே ஒரு குறிப்பிட்ட போரில் குறிப்பிட்ட ஊரில் நடந்ததற்கு இவை சாட்சியாகாது என்பது வாய்மொழி ஆய்வின் முடிவு. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு தொடர் எப்போது வாய்பாடாகிறது? கேட்கிறவன் கேட்டதும் புரிந்துகொள்ளும் அளவுக்கு அந்தக் காரியம் சாதாரணமாகும்போது. கழுதை ஏர் என்றதும் சபைக்கு விளங்கியது என்றால், கழுதை ஏர் ஓட்டிய தெருவைப் பார்த்தவர்களோ கேள்விப்பட்டவர்களோ சபையில் இருந்தார்கள். தனித்தனி நிகழ்ச்சியின் பதிவாக வாய்பாடு பலவீனம். பழக்கத்தின் பதிவாக அது பலமான சான்று. அந்தப் பழக்கம் என்ன? வயல், தண்ணீர், வீடு, தெரு, காவல் மரம். அடி விழுகிற இடங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் எல்லாமே பிழைப்புக்கான இடங்கள். களத்தில் வீரனும் வீரனும் மோதுவது அதில் ஒரு பகுதி மட்டும்தான். இதை வைத்துக்கொண்டு 'வீரயுகம்' என்ற பெயர் பொருந்துமா என்று கைலாசபதி கேட்டிருக்க வேண்டும். தொடர் எப்படிக் கட்டப்பட்டது என்று காட்டுவதோடு நின்றுவிட்டார்.

இன்னொரு இடமும் விட்டுப்போகிறது. போரின் விளைவைப் புறப்பாட்டில் மட்டும் தேடக் கூடாது என்பது நான் ரொம்ப நாள் கழித்துக் கண்டுகொண்ட விஷயம். நற்றிணை 320 கபிலர் பாட்டு, அகம். பரத்தை ஒருத்தி தெருவில் நடந்து போகிறாள், ஊரே கலகலத்துப் போகிறது. எது மாதிரி? வல்வில் ஓரியைக் கொன்றுவிட்டு அவனுடைய பெரிய தெருவில் காரி நுழைந்தபோது அந்த ஊர் இரைந்தது மாதிரி. அகநானூறு 209இல் இதே கொலை வருது. காரி ஓரியைக் கொன்று கொல்லி மலையைச் சேரர்களுக்குக் கொடுத்தான் என்று, அங்கே கணக்கு வழக்கு மாதிரி ஒரே வாக்கியம். நற்றிணையில்தான் அந்தத் தெரு வருகிறது, அதில் ஜனங்கள் வருகிறார்கள், அவர்கள் போட்ட சத்தம் வருகிறது. கபிலர் காரியைப் புகழ்ந்து பாடியவர், காரியிடம் பரிசில் வாங்கியவர். புறப்பாட்டில் அவன் முன்னால் நின்று சொல்ல முடியாததை அகப்பாட்டின் உவமையில் போட்டு வைத்தாரா, அல்லது சும்மா ஒரு உவமையாகத்தான் வந்ததா? தெரியாது, அது முக்கியமும் இல்லை. உவமைக்குக் கூலி கிடையாது. யாரையும் புகழாத இடத்தில் வந்து விழுகிற செய்திக்கு நான் கொஞ்சம் கூடுதல் மதிப்பு கொடுப்பேன்.

காரியைப் பற்றி எங்கள் ஊரில் பேசும்போது கடையேழு வள்ளல் என்பதில் ஆரம்பித்து அதிலேயே முடிப்பது வழக்கம். அவனைத் தம் முன்னோன் என்று சொல்லும் சமூகங்களும் இங்கே உண்டு, அது அவர்கள் உரிமை. ஆனால் புறநானூற்றை நேராக வாசித்தால் காரி குடும்பத்தின் தொழில் தெளிவாகவே தெரியுது. புறம் 122இல் கபிலர் சொல்கிறார்: மூவேந்தரில் யாராவது ஒருவருடைய ஆள், எனக்குத் துணைக்கு வா என்று பொருளோடு இவனிடம் வந்து நிற்கிறான். வந்த பொருளையும் இவன் கொடுத்துவிடுகிறான், தனக்கு மிச்சம் மனைவி மட்டுமே. புறம் 125 இதைவிடச் சுவை. மலையன் ஒருவன் சோழனுக்குத் துணையாகப் போய்ச் சேரனைத் தோற்கடிக்கிறான். ஜெயித்தவன், இவன் இருந்ததால் ஜெயித்தேன் என்கிறான். தோற்றவன், இவன் மட்டும் வராமலிருந்தால் ஜெயித்திருப்பேன் என்கிறான். கூலிப்படைக்கு இதைவிட நல்ல விளம்பரம் இருக்க முடியாது. நம்ம துறையில் கன்சல்டன்ட் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பாட்டு உடனே விளங்கும்.

இந்தத் தொழிலுக்கு ஒரு விலை உண்டு, அது புறம் 46இல் வருது. கிள்ளிவளவன் மலையமானின் பிள்ளைகளைப் பிடித்து வந்து யானைக் காலில் இடப் போகிறான். கோவூர் கிழார் குறுக்கே வந்து தடுக்கிறார். குழந்தைகள் அந்தக் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு நிற்கிறார்கள், யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிடுகிறார்கள். போரும் சமூகமும் என்று யாராவது தமிழில் பாடப்புத்தகம் எழுதினால் முதல் பக்கத்தில் இந்தப் பாட்டு இருக்க வேண்டும். நாம் இதைப் 'புலவரின் துணிச்சல்' என்ற தலைப்பில் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் நிற்கிற இடத்திலும் நம் கண் பெரிய மனிதரைத்தான் தேடுது.

திருக்கோவிலூரிலிருந்து மணலூர்ப்பேட்டைப் பக்கம் போனால் பெண்ணையாற்றை ஒட்டி ஜம்பை என்ற ஊர். 1981இல் இங்கே ஒரு குகையில் தமிழ்பிராமிக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி இந்தப் பாளியைக் கொடுத்தான் என்பது செய்தி. பாளி என்றால் துறவிகள் தங்கும் இடம். இலக்கியத்தில் மட்டும் இருந்த ஒரு பெயர் கல்லில் கிடைத்தது, கூடவே அசோகனின் கல்வெட்டுகளில் வரும் 'சதியபுத்திரர்' யார் என்ற பழைய சண்டையும் தீர்ந்தது. ஐராவதம் மகாதேவனிலிருந்து நாகசாமி வரை எல்லாரும் கொண்டாடிய கண்டுபிடிப்பு, கொண்டாட வேண்டியதும்தான். ஆனால் இதைக் கோவலூர்க்காரனாகப் படித்துப் பாருங்க. தகடூர்க்காரன் வந்து ஊரை அழித்தான் என்கிறது பாட்டு. அதே ஆற்றங்கரையில், ஊருக்கு எட்டின தூரத்தில், அவன் துறவிகளுக்குப் படுக்கை கொடுத்தான் என்கிறது கல். அழித்தவன் பெயரில் கல்லில் நிற்பது ஒரு தானம். அந்தத் தானம் அழிவுக்கு முன்னா பின்னா என்பதை அந்த ஒரு வரியை வைத்துச் சொல்ல முடியாது.

சதியபுத்திரர் என்று அசோகன் சொல்வது இரண்டாம் பாறைக் கல்வெட்டில். அதே வரிசையில் பதின்மூன்றாவதில்தான் கலிங்கப் போர் வருகிறது. அங்கே அவன் கணக்குச் சொல்கிறான். ஒன்றரை லட்சம் பேர் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், அதைப்போலப் பல மடங்கு பேர் மடிந்தார்கள். அத்தோடு நிற்கவில்லை. நேரடியாக அடிபடாதவர்களும், தங்கள் நண்பர்களும் உறவினர்களும் பட்ட துன்பத்தால் துன்பப்பட்டார்கள் என்கிறான். எண்கள் உருண்டையானவை, சொல்பவன் ஜெயித்தவன், அரசியல் நோக்கமும் இருந்திருக்கும். எல்லாம் சரி. ஆனாலும் செத்தவர், நாடு கடத்தப்பட்டவர், பின்விளைவில் மடிந்தவர், மனத்தால் பாதிக்கப்பட்டவர் என்று நான்கு பத்தி போட்டுப் பிரித்திருக்கிறானே, அது எனக்கு ஆச்சரியம். நம் மூவேந்தர்களின் எந்தப் பாட்டிலும் இந்தப் பத்திப் பிரிப்பு இல்லை. அதிகமானின் குடிப்பெயரை நிரூபிக்க அசோகனை இவ்வளவு பயன்படுத்திய நாம், போரை எப்படிப் பதிவு செய்வது என்பதற்கு அவனைப் பயன்படுத்தியதே இல்லை.

நம்மிடம் எண்ணத் தகுந்த சான்று இல்லையா என்றால், இருக்கு. பெண்ணையாற்றில் மேலே போனால் சாத்தனூர், அதைத் தாண்டிச் செங்கம் வட்டாரம். பல்லவர் காலத்து நடுகற்கள் அங்கே கொட்டிக் கிடக்கின்றன. 1970களின் தொடக்கத்தில் தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்து நூலாகவே போட்டது. வட்டெழுத்தில் பெரும்பாலும் ஒரே அமைப்பு. இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்ன தலைவனின் ஆள், இன்ன ஊரில் தொறு கொண்டபோது அல்லது தொறு மீட்டபோது பட்டான், இன்னான் கல். தொறு என்றால் மாட்டு மந்தை. இதைப் படிக்கும் எந்த மென்பொருள் ஆளுக்கும் கை பரபரக்கும், ஏனென்றால் இது கவிதை இல்லை, பதிவேடு. ஃபீல்டுகள் எல்லாம் தயாராக இருக்கு.

இங்கே லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வானிலையைக் கணக்குப் போட்டுச் சொல்லலாம் என்று 1922இலேயே புத்தகம் எழுதியவர். குவேக்கர் என்பதால் முதல் உலகப்போரில் துப்பாக்கி எடுக்க மாட்டேன் என்று சொல்லி, பிரான்ஸில் ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்து காயம்பட்டவர்களைச் சுமந்தார். வானிலைத் துறை விமானப்படை அமைச்சகத்தின் கீழ் போனதும் வேலையை விட்டார். அப்புறம் போர்களை எண்ண ஆரம்பித்தார். அவருடைய பட்டியலில் போர், கலகம், கொலை என்ற பிரிவு கிடையாது. எல்லாமே 'உயிர்ப்பலி கொண்ட சண்டைகள்'. செத்தவர் எண்ணிக்கையின் மடக்கைதான் அளவு, நிலநடுக்கத்துக்குப் போடுவது போல. ஒருவர் செத்தால் 0, பத்துப் பேர் என்றால் 1, ஒரு கோடி என்றால் 7. 1820க்குப் பின் நூற்றிருபது ஆண்டுக்கு மேல் எண்ணி முடித்தபோது ஒன்று தெரிந்தது. செத்தவர்களில் பெரும் பங்கு இரண்டு ஓரங்களில் இருந்தது. ஒரு ஓரம் இரண்டு உலகப்போர்கள், மற்ற ஓரம் ஒற்றைக் கொலைகள். வரலாற்றுப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுகிற நடுத்தரப் போர்கள் இரண்டுக்கும் நடுவில் ஒல்லியாகத்தான் இருந்தன.

செங்கம் நடுகற்கள் ரிச்சர்ட்சன் அளவில் 0 எண் சண்டைகள். ஒரு கல், ஒரு ஆள். பல்லவனும் சாளுக்கியனும் மோதியதற்குத்தான் நம் வரலாற்றில் அத்தியாயம். மந்தை போன இரவுகளுக்கு அத்தியாயம் கிடையாது. ஆனால் ஒரு மேய்ச்சல் ஊரில் இருந்தவனுக்குப் போர் என்றால் எது? நூறு மைலுக்கு அப்பால் அரசன் வாதாபியைப் பிடித்ததா, போன மாசம் பக்கத்து ஊரான் மாட்டை ஓட்டிக்கொண்டு போனதா? கல்லில் எழுதும்போதும் அரசன் பெயர் வருஷத்தைக் குறிக்கத்தான் பயன்படுது, காலண்டர் மாதிரி. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்பிராமி நடுகல்லும் ஆகோளில் பட்டவனுக்கு எடுத்ததுதான். ஆக, இது பல்லவர் காலத்தில் தொடங்கிய வழக்கமும் இல்லை.

பதிவேட்டில் இல்லாத ஃபீல்டுகளையும் பார்க்கணும். மாடு எத்தனை என்பது பெரும்பாலும் இல்லை. எதிரியில் யார் செத்தான் என்பது அவன் ஊர்க்கல்லில் இருந்தால் உண்டு. செத்தவன் மனைவி இல்லை. அவளைப் புறநானூற்றில்தான் தேடணும். ஒக்கூர் மாசாத்தனார் பாட்டில் (248) இளமையில் தழையாடை கொடுத்த அல்லி, கணவன் போன பிறகு சாப்பாட்டுக்குத் தன் விதையைக் கொடுக்கிறது. ஆனால் எடுத்தனூர்க் கல்லில் ஒரு நாய் இருக்கு. மகேந்திரவர்மன் காலத்துக் கல். கருந்தேவகத்தி என்பவன் மந்தை காப்பதில் இறக்கிறான். கோவிவன் என்ற அவன் நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதி, சிற்பத்திலும் காட்டியிருக்கிறார்கள். மனைவி பெயருக்கு இல்லாத இடம் நாயின் பெயருக்குக் கிடைத்திருக்கு. நாயின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

கைலாசபதிக்குப் பிந்தைய வரலாற்றாசிரியர்கள் இந்த ஆகோளையும் கொள்ளையையும் பொருளாதாரமாகப் பார்த்தார்கள். ராஜன் குருக்கள் போன்றவர்கள் எழுதியதில், சூறையாடிக் கொண்டுவந்த பொருளைத் தலைவன் வீரருக்கும் பாணருக்கும் பங்கிடுவதுதான் அந்தச் சமூகத்தை இயக்கியது என்ற விளக்கம் வருகிறது. வள்ளல்தன்மைக்குப் பின்னால் கொள்ளை இருப்பதைக் கண்டுபிடித்தது நல்ல முன்னேற்றம்தான். என்றாலும் 'மறுபங்கீடு' என்ற சொல்லைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்தும். பங்கு வாங்கியவன் பக்கமிருந்து பார்த்தால் மறுபங்கீடு. பொருள் எங்கிருந்து வந்ததோ அந்த வீட்டில் நின்று பார்த்தால் அதற்கு வேறு பெயர். வீரயுகம் என்ற சொல் போய் அந்த இடத்தில் ஒரு பொருளாதாரச் சொல் உட்கார்ந்தது, பார்வை நின்ற இடம் அதே இடம்.

பார்வையை மாற்றி வைத்த நூல் ஒன்று தமிழரிடமிருந்து வந்தது. அது சங்க காலத்தைப் பற்றியது இல்லை. கைலாசபதி 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவராக இருந்தார், 1982 டிசம்பரில் இறந்தார். அடுத்த ஜூலையில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அதே பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறையில் இருந்த ராஜனி திராணகம, கணிதம் படித்த ராஜன் ஹூல், க. சிறிதரன், மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் நாலு பேரும் சேர்ந்து எழுதியது 'முறிந்த பனை'. நாலு பேரில் ஒருவர்கூடத் தொழில்முறை வரலாற்றாசிரியர் கிடையாது என்பதைக் கவனிக்கணும். இந்திய அமைதிப்படை சண்டையில் இறங்கிய 1987 அக்டோபரில் தங்கள் ஊரில் என்ன நடந்தது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். இலங்கை ராணுவம், இந்திய ராணுவம், இயக்கங்கள் என்று யாரையும் விடவில்லை. பெண்கள் பட்டதை ராஜனி தனியாக எழுதினார். நூல் அச்சாகி வெளிவருவதற்கு முன்பே, 1989 செப்டம்பர் 21 அன்று, வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். செய்தது விடுதலைப் புலிகள் என்பது உடன் எழுதியவர்கள் பதிவு செய்திருப்பது.

இதை ஏன் இங்கே கொண்டுவருகிறேன் என்றால், அந்த ஆண்டுகளில் ஈழத்தில் 'நடுகல்' என்ற சொல் மறுபடி உயிர் பெற்றது. துயிலும் இல்லங்களில் நட்ட கற்களுக்கு அந்தப் பெயர்தான். புறநானூற்றுத் தாய் மேடைப் பேச்சுகளில் வந்தாள், சுவரொட்டிகளில் வந்தாள். போர் முடிந்ததும் ராணுவம் அந்தக் கற்களை இடித்துத் தள்ளியது, அதுவும் ஒரு பழைய வாய்பாடுதான். இதற்கெல்லாம் கைலாசபதியைப் பொறுப்பாக்குவது அபத்தம். அவர் எழுதியது ஆக்ஸ்போர்டு ஆங்கிலத்தில், கேட்ட கேள்வி யாப்பைப் பற்றியது. ஆனால் சங்கப் போர்களைப் பற்றிய நம் ஆய்வு, எரிந்த தெருவையும் யானை முன் நின்ற பிள்ளைகளையும் பாட்டின் அலங்காரமாக வைத்திருந்தது. அதனால், மேடையில் அந்தப் பாட்டுகள் வந்தபோது, முழுப் பாட்டையும் படி என்று சொல்ல ஆய்விடம் ஒன்றும் தயாராக இல்லை. மேடைக்கு வேண்டிய பாதி ஏற்கெனவே பிரித்து வைக்கப்பட்டிருந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு, ராஜதந்திர ஆய்வுகளுக்குத் துறை இருக்கிறது. அவர்கள் பார்ப்பது இன்றைய நாடுகளை. தமிழ்த்துறைகளில் போர் என்றால் திணை, துறை. வெட்சி முதல் வாகை வரை எந்தப் பாட்டு எதில் அடங்கும் என்ற வகைப்பாடு. வரலாற்றுத் துறைகளில் போர் என்றால் தேதியும் வென்றவன் பெயரும். காரி ஓரியைக் கொன்றான், அஞ்சி காரியின் ஊரை அழித்தான், சேரன் தகடூரை அழித்தான் என்று சங்கிலி கோத்து, யாருக்கு முன் யார் என்று இன்னும் சண்டை போடுகிறோம். ஜான் கீகன் 1976இல் எழுதிய 'போரின் முகம்' மாதிரி, ஒரே ஒரு சண்டையை எடுத்து, அங்கே நின்றவனுக்கு என்ன தெரிந்தது, என்ன கேட்டது, எப்படிச் செத்தான் என்று மட்டும் எழுதும் ஒரு நூல் தக்கோலத்துக்குக்கூட நம்மிடம் இல்லை.

தக்கோலம் என்றதும் வெள்ளன்குமரன் ஞாபகம் வருகிறான். கேரளத்துக்காரன், ராஜாதித்த சோழனின் படைத்தலைவன். ராட்டிரகூடர் வருவார்கள் என்று ராஜாதித்தன் இந்தத் திருமுனைப்பாடி நாட்டில்தான் படையோடு இருந்தான். அப்போது, 943இல், பெண்ணைக்கரையில் கிராமம் என்ற ஊரில் வெள்ளன்குமரன் சிவன் கோயில் எடுத்தான். 949இல் தக்கோலத்தில் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே செத்தான். வெள்ளன்குமரன் அன்று அங்கே இல்லை. ஏறத்தாழப் பத்தாண்டு கழித்துத் திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்ற துறவியின் கல்வெட்டு கிடைக்கிறது. தலைவனோடு சேர்ந்து சாக முடியாமல் போனதால் துறவியானவர் என்று அது சொல்கிறது. இரண்டு பேரும் ஒருவர்தான் என்று அடையாளம் கண்டவர் வே. ராகவன். அந்தத் திருவொற்றியூர்க் கல்வெட்டில் போட்டிருக்கும் ஆட்சியாண்டு யாருடையது தெரியுமா? கன்னரதேவனுடையது, அதாவது ராஜாதித்தனைக் கொன்ற படையை நடத்திய மூன்றாம் கிருஷ்ணனுடையது. பிழைத்தவன் எதிரியின் காலண்டரில்தான் தேதி போட வேண்டியிருந்தது. சாட்விக்கின் வீரன் தலைவனோடு செத்துவிடுவான், அவனுக்குக் கோட்பாட்டில் இடம் உண்டு. சாகாமல் போனவனுக்கு அதில் இடம் இல்லை. சோமசுந்தரம் போன்ற மனநல மருத்துவர் ஒருவர் அந்தத் திருவொற்றியூர்க் கல்வெட்டை வாசித்தால் வேறு மாதிரி எழுதுவார் என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. பெண்ணையாற்றுக்கு நடுவே இருக்கும் கபிலர் குன்றை நட்புக்கு நினைவுச்சின்னம் என்று எல்லாரும் படம் எடுத்துப் போடுகிறார்கள். பறம்பை மூவேந்தர் முற்றுகை போட்டதும், பாரி செத்ததும், அவன் பெண்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போனதும், இருவரும் மறுத்ததும் புறநானூற்றில் இருக்கு. இன்றைய பேச்சில் இதற்குப் பெயர் அகதி. விழுப்புரம் பக்கம் கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் இருப்பவர்களுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம். கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பாரியின் பெண்ணை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த கல் இது என்று சொல்கிறது. அந்தப் பெண்ணுக்குக் கல்வெட்டு பயன்படுத்தும் சொல் 'அடைக்கலம்'. புறநானூற்றுக் குறிப்புகளில் பெண்கள் இருவர். கல்வெட்டில் ஒருத்திதான் இருக்கிறாள்.